பூவாத்தாளின் சிவப்புத் துண்டு

வால்வுகள் சூடேறட்டும் என்று சின்னையன் காத்திருந்தார். நல்லேப்பிள்ளி மாரியம்மன் கோயில் மேடையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்று அவருடைய வால்வு செட். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கோயில் திருவிழாவுக்குப் பாடியது. மற்றது பொங்கியண்ணன் போன மாதம் கோயமுத்தூரிலிருந்து வாளையார் வழியாக லாரியில் கொண்டுவந்த டிரான்சிஸ்டர் செட். சின்னதாக, புது மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது. இந்த வருஷத் திருவிழா யாருக்கு என்பது இன்று காலை முடிவாகிவிடும். திருவிழா கைவிட்டுப் போனால் கல்யாண வீடுகளும் பின்னாலேயே போய்விடும் என்பது சின்னையனுக்குத் தெரியும்.

"வால்வு பாட்டுல ஒரு ஈரம் இருக்குதுங்க. அது இந்தத் தகரத்துக்கு வராதுங்க" என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பொங்கியண்ணன் விடுவானா? "பொட்டியப் பாத்துட்டுத்தான் ஈரம்ங்கறாங்க. கண்ணக் கட்டி உட்டா ஒருத்தருக்கும் தெரியாதுங்க" என்றான்.

இரண்டு பேச்சையும் கேட்டுச் சலித்துப்போன தர்மகர்த்தா ஈஸ்வரமூர்த்தி இந்தப் பரீட்சையை வைத்தார். பெட்டியைப் பார்க்க முடியாத ஆள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கால்வாய்க்கு அந்தப் பக்கம் தன் வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பூவாத்தாளைப் பிடித்தார். யார் ஜெயித்தாலும் அவளுக்கு ஒன்றுதான். சின்னையன் செட் என்று தோன்றினால் சிவப்புத் துண்டைத் தூக்க வேண்டும். இல்லையென்றால் சும்மா நிற்க வேண்டும். அதே இசைத்தட்டு, வேப்பமரத்தில் கட்டிய அதே ஒலிபெருக்கிக் குழாய். ஆம்ப்ளிஃபயர் மட்டும் மாறும், அதுவும் ஈஸ்வரமூர்த்தி சுண்டிவிடும் காசு சொல்கிறபடி. சண்டைக்காரர்கள் இருவரும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போனார்கள். தன் செட் பாடும்போது இசைத்தட்டில் முள் வைப்பது தன் கையாகத்தான் இருக்க வேண்டும், அடுத்தவன் கிட்டேயே வரக்கூடாது.

எட்டு முறை காசு விழுந்தது. சின்னையன் வைத்தபோதெல்லாம் பச்சை வயலுக்கு நடுவே சிவப்பு எழுந்தது. பொங்கியண்ணன் வைத்தபோதெல்லாம் எழவில்லை. எட்டுக்கு எட்டு. கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். சின்னையனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரை மைல் தூரம், இடையில் எதிர்காற்று, கால்வாய்த் தண்ணீரின் இரைச்சல். அத்தனையும் தாண்டி அந்த ஈரம் போய்ச் சேர்ந்திருக்கிறதே! உண்மையில் அவரே அதைப் பாதிதான் நம்பியிருந்தார்.

நன்றி சொல்ல வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"எப்படி ஆத்தா கண்டுபுடிச்ச?"

"அதென்னுங்ணா பெரிய வித்தை? பாட்டு ரெண்டுலயும் ஒண்ணாத்தான் கேட்டுச்சுங்க. முள்ளு வெக்கறதுதான் வேற. அந்தத் தம்பி வெச்சா டொக்குனு உழுகுது. நீங்க வெச்சா, தூங்கற கொழந்தையப் பாயில கெடத்தறாப்பல இருக்குது. பன்னண்டு வருசமாக் கேக்கறனுங்களே, தெரியாதுங்களா?"

சின்னையன் சேற்றில் ஒரு கால், வரப்பில் ஒரு காலாக நின்றுவிட்டார். அந்த 'டொக்' அவர் காதில் விழாமல் இல்லை. பாட்டு ஆரம்பித்த பிறகுதான் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான். யாரும் கேட்பதாகவே தெரியாத ஒரு நொடியை இந்த ஊர் பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் திருவிழா அவருக்குத்தான். ஆனால் அந்த ஈரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இனி எப்படிச் சோறு இறங்கும்?

"இன்னொருக்கா வெக்கறோம் ஆத்தா. அதே மாதிரி தூக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"செயிச்சாச்சல்லோ சின்னையா, இன்னும் என்ன?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"இந்தத் தடவை ரெண்டு செட்டுக்கும் நானே முள்ளு வெக்கறனுங்க."

தோற்ற முகத்தோடு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த பொங்கியண்ணன் நிமிர்ந்து பார்த்தான். மறுபடி ஒயரை மாட்டிவிட்டு விலகி நின்றான். காசு விழுந்தது. டிரான்சிஸ்டர் செட்.

சின்னையன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குனிந்தார். சுற்றும் தட்டின் ஓரத்தில் முள்ளை இறக்கினார். வேப்பமரத்துக் குழாயில் லேசாக ஒரு கரகரப்பு. பாட்டு இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் கால்வாய்க்கு அப்பால் சிவப்புத் துண்டு எழுந்துவிட்டது.