தூண்டில் கம்பில் யார் பெயர்

1

இந்தக் கதை துக்கத்தில் பிறக்கவில்லை. எந்த மென்பொருளை எடுத்துக்கொள்வது என்ற கேள்வியில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மனைவியைப் பறிகொடுத்தவன் எழுதியது என்று தெரிந்ததும் படிப்பவர் கைக்குட்டையைத் தேடுவார். தேவைப்படாது.

எழுதுபவனுக்கு ‘நான்’ என்று எழுத வரவில்லை. எழுதிப் பார்த்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஆள் இல்லாதது போலிருந்தது. ஆகவே அவனைத் தனசேகரன் என்று வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரனைப் பற்றிப் பேசுவதுபோல் பேசலாம்.

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

ஆரணி பேருந்து நிலையத்தில் இறங்கியதுமே பட்டுக்கடைக்காரர்கள் கையைப் பிடித்து

[ஊரைக் காட்டுகிற வாக்கியம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.]

ஹேமலதா இறந்த பிறகு வந்த தை மாதத்தில் தனசேகரன்

[‘இறந்த’ முதல் வாக்கியத்திலேயே உட்கார்ந்துகொண்டால் மற்ற சொற்களெல்லாம் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது.]

2006-ல் ஒருவர் மீன்பிடிக்கிற கம்புக்கு ஸ்டிக்கர் கேட்டு ஆரணிக்கு வந்தார்.

[இது நிற்கும்.]

2

அவர் பெயர் ராஜவேலு. சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு வந்திருந்தார். பெண்கள் எதிர்க் கடையில் புடவைகளைப் புரட்டிக்கொண்டிருக்க, அவர் வெளியே வந்து ‘ஹேமா டிசைன்ஸ்’ என்ற பலகையைப் பார்த்தார். புடவைக் கரைகளைக் கணினியில் வரைந்து தருகிற கடை. புடவைப் பெட்டிக்கு லேபிளும் உண்டு. கரைகளை வரைந்தவள் மனைவி ஹேமலதா. லேபிளும் கணக்கும் தனசேகரன்.

ராஜவேலு காரிலிருந்து ஒரு நீளமான துணிப்பையைக் கொண்டுவந்து மேசைமேல் அவிழ்த்தார். உள்ளே தூண்டில் கம்பு. கறுப்பு. அடியில் கட்டைவிரல் தடிமன், நுனியில் ஈர்க்கு.

“நானே கையால கட்டுறேன் தம்பி. பழவேற்காடு பக்கம் கொடுவா பிடிக்கிறவங்க, அந்தமான் போறவங்கன்னு வாங்குறாங்க. இப்போ சிங்கப்பூர்லேர்ந்து ஒருத்தன் கேக்குறான். இங்க, கைப்பிடிக்கு மேல, ஒரு மீனு, வாங்குறவன் பேரு, சுத்தி ஒரு கரை. உங்க ஊர்ல பண்ணுவீங்களே, அந்த மாதிரி.”

“ஸ்டிக்கரா?”

“டெக்கல். தண்ணியில ஊறவெச்சா படம் மட்டும் நழுவி வரும். மேல வார்னிஷ் அடிச்சிடுவேன். தாளு நான் தரேன். படம் மட்டும் நீங்க.”

தனசேகரன் “சரி” என்றான். ஹேமலதா போனதிலிருந்து எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். சாப்பிடுகிறாயா, சரி. முடி வெட்டிக்கொள், சரி.

“ஒண்ணு. திருட்டு சாஃப்ட்வேர்ல வேணாம். வெளிநாடு போற சரக்கு. நாளைக்கி எவனாவது கேட்டா எனக்குப் பேஜாரு.”

[ஓர் இடைக்குறிப்பு. ஊரில் உள்ள கணினிகளில் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் எத்தனை என்று கேட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.]

3

கடையில் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்றே ஒன்று இருந்தது. புடவைக் கரை வரைகிறது. கணினியோடு சேர்த்து மாமனார் மாணிக்கவேல் வாங்கித் தந்தது. அதில் எல்லாம் கட்டம். ஒரு கட்டம் ஓர் இழை. வளைவு என்று ஒன்று அதற்குத் தெரியாது. படிபடியாக ஏறி இறங்கும். தறியில் நெய்து கையெட்டும் தூரத்தில் பிடித்தால் கண் அதை வளைவு என்று எடுத்துக்கொள்ளும்.

தனசேகரன் அதிலேயே மீனை வரைந்தான். அச்செடுத்தான். விரல் அகலத்தில் மீன் முதுகெல்லாம் படிக்கட்டு.

“இன்னா மாமா இது, கோபுரக் கரைக்கு வால் வெச்ச மாதிரி இருக்குது?” என்றாள் ஸ்வர்ணலதா.

ஸ்வர்ணலதா ஹேமலதாவின் தங்கை. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மாமாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடு என்று அவள் அம்மா தினமும் கடைக்கு அனுப்பினாள். ஏன் அனுப்பினாள் என்பது நான்காம் பகுதியில் வரும்.

அடுத்தது அச்சகக்காரர்கள் படம் வரைகிற கோரல். சேத்துப்பட்டு நண்பன் ஒரு குறுந்தகடு வைத்திருந்தான், மேலே பேனாவால் பெயர் எழுதியது. ராஜவேலு வேண்டாம் என்ற ரகம். அசலை வாங்க விலை விசாரித்தான். அந்தக் காசுக்கு ராஜவேலு தன் பெண்ணுக்கு இன்னொரு முகூர்த்தப் புடவையும், சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்துப் புடவைகளும் எடுத்திருக்கலாம்.

மூன்றாவதை ஸ்வர்ணலதா கொண்டுவந்தாள். கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த தகட்டில் இருந்தது. இங்க்ஸ்கேப். இதன் நிரலை யாரும் எழுதலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. தனசேகரன் நம்பவில்லை. சும்மா கிடைப்பது பாதியில் நின்றுவிடும் என்றான்.

“காசு குடுத்ததெல்லாம் நிக்கலியா மாமா?”

அவள் எதைச் சொன்னாள் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. ஹேமலதாவுக்காகக் காசைக் கொட்டிய வேலூர் மருத்துவமனை.

[நான் அத நெனச்சி சொல்லல. சத்தியமா கம்ப்யூட்டரத்தான் சொன்னேன். – ஸ்வர்ணா]

மேலே உள்ள அடைப்புக்குறி எழுதுபவனுடையதல்ல. அச்செடுத்த பக்கங்கள் மேசைமேல் கிடந்தன. அவள் பென்சிலால் எழுதியிருக்கிறாள். அழிக்க மனமில்லை.

இரண்டு வாரத்தில் அவள் அந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டாள். கோட்டின் நடுவே ஒரு புள்ளி வைத்து இழுத்தால் கோடு வளைந்தது. மீன் மீனாயிற்று. கரையைத் தனசேகரன் போட்டான். நேரான பட்டை. கம்பைச் சுற்றி ஒட்டிப் பார்த்தால் இரண்டு முனையும் சேரவில்லை. ஒன்று மேலே ஏறிக்கொண்டது. அச்சு இயந்திரத்தைத் திட்டினான். திரும்ப அடித்தான். திரும்பவும் ஏறியது. கரை என்றால் நேராகப் போகும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவன் பரம்பரையில் யாருக்கும் தோன்றியதில்லை. ஆனால் கம்பு மேலே போகப்போக மெலிகிறது.

ஸ்வர்ணலதா செய்தித்தாளைக் கம்பில் சுற்றி, வெட்டி, விரித்துக் காட்டினாள். பட்டை லேசாக வளைந்திருந்தது.

“ஜாக்கெட்டுக்குக் கை வெட்டுற மாதிரிதான் மாமா. இது ரொம்ப ஒல்லியான பொம்பளை.”

தனசேகரனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்ததா என்று நினைவில்லை.

4

இந்த இடத்தில் எழுதுபவனுக்கு ஒரு சந்தேகம். ஸ்வர்ணலதா என்ற பாத்திரம் சரியாக வரவில்லை. அவள் வருகிறாள், கிண்டல் செய்கிறாள், கெட்டிக்காரியாக இருக்கிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

[கேட்டாத்தானே தெரியும். – ஸ்வர்ணா]

அவளை யாரும் கேட்கவில்லை. மாசி பிறந்ததும் மாணிக்கவேலும் அவர் மனைவி பொன்னம்மாளும் தனசேகரன் வீட்டுக்கு வந்தார்கள். காபி ஆறும்வரை பட்டு நூல் விலையைப் பேசினார் மாணிக்கவேல். பிறகு பொன்னம்மாள் ஆரம்பித்தாள்.

“எத்தினி நாளைக்கி இப்பிடியே மாப்ள? தனியா பொங்கித் தின்னுகினு.”

“இருக்கேன் அத்தை.”

“வெளியில பொண்ணு தேடுனா எவ வருவாளோ, எப்பிடி இருப்பாளோ. எங்களுக்கு இன்னொண்ணு இருக்குது. கடையும் கைவிட்டுப் போவாது. பெரியவளே இருக்கிற மாதிரி இருக்கும்.”

“பங்குனியில நல்ல வெள்ளிக்கிழம வருது. தட்டு மாத்திக்குவோம். ஆடம்பரமெல்லாம் வேணாம்” என்றார் மாணிக்கவேல். “இன்னா சொல்றீங்க?”

தனசேகரன் என்ன சொன்னான் என்று இந்நேரம் நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒரு பெண்ணைப் புதைத்த வீடு, இன்னொரு பெண்ணைக் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. எழுதுபவனால் அவர்கள்மேல் கோபப்பட முடியவில்லை. எதன்மேலும் முடியவில்லை, அது வேறு விஷயம்.

[அன்னிக்கி நானும் கூட வந்து உங்க வீட்டுப் பின்கட்டுல பாத்திரம் கழுவிகினு இருந்தேன். எல்லாம் காதுல விழுந்துச்சி. நீங்க சரின்னதும் கொழாயத் தொறந்து வுட்டேன். இதையும் எழுதுங்க. – ஸ்வர்ணா]

எழுதியாயிற்று.

5

ராஜவேலு மாதிரியைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். பங்குனி வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை.

“தம்பி, பிரமாதம். மீனு துள்ளுது. கரை சேர்ற எடமே தெரியல. யாரு போட்டது?”

தனசேகரன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான்.

“ஏன் கேக்குறேன்னா, கையால செய்ற சாமானுக்குச் செஞ்சவன் பேரு இருக்கணும். மீனுக்குக் கீழ பொடி எழுத்துல பேரு போட்டு அனுப்புங்க. அப்புறம், என் தம்பி ராயபுரத்துல அச்சகம் வெச்சிருக்கான். லேபிள் வேல. டிசைனுக்கு ஆள் இல்லாம திண்டாடுறான். இதக் காட்டுனேன். போட்டவங்களை அடுத்த மாசமே வரச் சொல்றான். பொம்பளையா இருந்தாலும் சரி, பொம்பளைங்க வேல செய்ற எடம்தான், பக்கத்துலயே ஹாஸ்டல் இருக்குது. யாரு தம்பி, நீங்களா?”

“எழுதி அனுப்புறேன் சார்.”

ஆக, ஒரு பெயர் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தான். இப்போது முடிவுகள்.

முதல் முடிவு. தனசேகரன் தன் பெயரைப் போடுகிறான். வெள்ளிக்கிழமை தட்டு மாறுகிறது. அக்கா உட்கார்ந்த நாற்காலியில் தங்கை உட்காருகிறாள். பலகையை மாற்ற வேண்டிய அவசியமில்லை. கரைகள் நன்றாக வருகின்றன. மூன்று வேளையும் சூடாகச் சாப்பாடு. யாரும் அழுவதில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். இந்த முடிவில் பயப்படும்படி இருப்பது அதுதான்.

இரண்டாம் முடிவு. ஸ்வர்ணலதா பெயரைப் போடுகிறான். அவள் சென்னை பஸ் ஏறுகிறாள். பொன்னம்மாள் தெருவில் நின்று, ரெண்டு பொண்ணையும் இவனே முழுங்கிட்டான் என்கிறாள். மாணிக்கவேல் கணினியைத் திருப்பிக் கேட்கிறார். தனசேகரன்

[இந்த வாக்கியம் நான்கு முறை இதே இடத்தில் நின்றுவிட்டது. அவள் போன பிறகு அவன் என்ன செய்வான் என்று எழுதுபவனுக்குத் தெரியவில்லை.]

மூன்றாம் முடிவு. மீனுக்குக் கீழே ‘ஆரணி’ என்று ஊர்ப்பெயரை மட்டும் போடுகிறான். போட்டும் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. கோழைத்தனத்துக்கு இவ்வளவு அழகான எழுத்துரு கிடைக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

பிறகு எழுதினான்: இந்த மூன்றில் எது என்பதை வாசகரே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்.

அச்செடுத்து மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

6

திரும்பி வந்தபோது ஸ்வர்ணலதா கையில் அந்தப் பக்கம் இருந்தது. பென்சிலால் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“இன்னா மாமா, படிக்கிறவங்க கைல குடுத்துட்டீங்களா?”

“இந்த மாதிரிக் கதையில அப்படித்தான் முடிப்பாங்க.”

“படிக்கிறவனுக்கு இன்னா தெரியும்? அவனா வந்து கட்டிக்கப் போறான்? அவனா பஸ் ஏறப் போறான்?”

தனசேகரன் அந்தப் பக்கத்துக்குக் கை நீட்டினான். அவள் தரவில்லை.

“சரி, அதை வுடுங்க. ஒண்ணு கேக்குறேன். ஜல்தியா பதில் வேணாம், யோசிச்சே சொல்லுங்க. நான் உங்களுக்கு வேணுமா?”

அவன் யோசித்தான். தனக்குள் தேடிப் பார்த்தான் என்றே சொல்லலாம். காலி வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்ப்பதுபோல.

“வேணும்னும் இல்ல. வேணாம்னும் இல்ல” என்றான்.

கேட்கப் பொல்லாத பதில். ஆனால் பல மாதங்களில், ‘வேணுமா’ என்று கேட்டதற்கு அவன் வாயிலிருந்து வந்த, ‘சரி’ என்பதல்லாத முதல் பதில் அதுதான்.

ஸ்வர்ணலதா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“அப்போ அதுக்கு நான் எதுக்கு?” என்றாள். “ஒரு பொம்மைய வெச்சிக்கலாமே. அக்கா பொடவைய சுத்தி.”

“உங்க அப்பா கிட்ட நீயே சொல்லலாமே.”

“சொன்னா? பொட்டப்புள்ள வாய் நீளுதுன்னுவாரு. மாப்ள வேணாம்னாத்தான் அது வேணாம். உங்களுக்கே தெரியும். தெரிஞ்சிகினே டீ குடிக்கப் போறீங்க.”

[உரையாடலை இங்கே கொஞ்சம் மென்மையாக்கலாமா என்று எழுதுபவன் யோசித்தான். அவள் அப்படித்தான் சொன்னாள்.]

7

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இங்க்ஸ்கேப்பில் மீன் திறந்திருந்தது. ‘ஆரணி’யை அழித்தான். எழுத்துக் கருவியை எடுத்து, மீனின் அடிவயிற்றுக்குக் கீழே, கம்பு மெலிகிற அளவுக்கு வளைத்து, தட்டினான்: மா. ஸ்வர்ணலதா.

“எழுத்து ரொம்ப பொடி மாமா” என்றாள் பின்னாலிருந்து. “வார்னிஷ் அடிச்சா அடச்சிக்கும்.”

எழுத்தை ஒரு புள்ளி அளவு பெரிதாக்கினான்.

கோப்பை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய் அனுப்பினான். கூடவே இரண்டு வரி: போட்டவர் இவர். வேலையைப் பற்றி இவரிடமே கேட்கவும். அவள் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் போடவில்லை. அதை எடுப்பது மாணிக்கவேலாக இருக்கும். கடை எண்ணைப் போட்டான்.

பிறகு மாணிக்கவேலைக் கூப்பிட்டான். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

“மாமா, வெள்ளிக்கிழமை வேணாம்.”

“ஏன் மாப்ள, நாள் சரியில்லியா? அடுத்த வெள்ளி வெச்சிக்குவமா?”

“நாளில்ல மாமா. எதுவும் வேணாம். எனக்கு வேணாம்.”

தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் யாரையோ நிறுத்தச் சொன்னார். அதுவும் நின்றது. அதற்குப் பிறகு அவர் கேட்டவை, பொன்னம்மாள் தொலைபேசியைப் பிடுங்கிக் கேட்டவை எல்லாவற்றுக்கும் இவன் காது கொடுத்தான். அவள் சொன்னதில் பாதி உண்மை. கதைக்கு அது வேண்டாம்.

தனசேகரனுக்கு என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. நிம்மதி வருமென்று நினைத்தான். வரவில்லை. கடையைச் சாத்தினான். தானே பொங்கிச் சாப்பிட்டான். உப்பு கூடியிருந்தது, அது தெரிந்தது. அவ்வளவுதான்.

ஸ்வர்ணலதா போனாளா? ராயபுரத்து அச்சகம் நல்ல இடமா? வீட்டில் விட்டார்களா? அவளுக்கு உண்மையிலேயே அந்த வேலை வேண்டியிருந்ததா, அல்லது இந்தக் கல்யாணம் மட்டும்தான் வேண்டாமா? ஒருவேளை அவளுக்கு இவை இரண்டுமே இல்லாத மூன்றாவதாக ஏதாவது இருந்ததா?

இவ்வளவு தூரம் கூட வந்த நீங்கள் இதையெல்லாம் கேட்பது நியாயம்தான். ஆனால் பாருங்கள், நீங்களும் அவளைக் கேட்காமல் இவனைத்தான் கேட்கிறீர்கள்.