முதல் வாய்

அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மகள் அனுப்பிய பரிசு அது. பெரிய ஓட்டல் ஒன்றில் ஓர் இரவுத் தங்கல், அதோடு ஒவ்வொரு தட்டாக வந்துகொண்டே இருக்கும் விருந்து. போனில் அம்மாவிடம் செய்தியைச் சொல்லி முடித்ததும் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரே ஒரு நாள். அடுத்தவங்க சமையலைக் குறை சொல்லாம சாப்பிட்டுட்டு வாங்க."

"நான் எப்பம்மா குறை சொன்னேன்?" என்றார் மாஸ்டர்.

அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். சாப்பாட்டு நேரத்தில் கையில் கரண்டியோடு வந்து நின்று, யார் எந்த முகத்தோடு முதல் வாய் எடுத்துவைக்கிறார்கள் என்று பார்ப்பது அவர் பழக்கம். புருவம் சுருங்கினால் உப்பில் கோளாறு. கை தண்ணீர் டம்ளரைத் தேடினால் காரம். தலை தன்பாட்டில் ஆடிவிட்டால் அன்று முழுவதும் மாஸ்டருக்குக் கால் தரையில் பாவாது.

வீட்டிலும் அதே கதைதான். மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அலுத்துக் களைத்து வந்து உட்காருவாள். அவர் தட்டை வைத்துவிட்டு எதிரில் நிற்பார். அவள் ஒரு வாய் வைத்ததும், "நல்லா இருக்கு" என்பாள். ரப்பர் ஸ்டாம்பு குத்தினாற்போல, எந்த நாளும் அதே சொல். அவளைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் அவருக்கு அது என்றைக்கும் போதவில்லை.

ஓட்டல் அறைக்குள் நுழைந்ததும் அவள் சின்னப் பெண்ணாகிவிட்டாள். எல்லா இழுப்பறைகளையும் திறந்து பார்த்தாள். சோப்பை முகர்ந்தாள். கட்டிலில் குறுக்காக விழுந்து, "என்னங்க, இந்தத் தலகாணியப் பாருங்க. தலைய வச்சா உள்ளயே போயிடுது," என்றாள். மாஸ்டருக்கும் மனம் குளிர்ந்துதான் இருந்தது. அந்தக் குளிர்ச்சி, கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து முதல் தட்டு வரும்வரை தாங்கியது.

பரிமாறும் பெண் இரண்டு அகலமான தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டின் நடுவில் ஒரு குழி. குழியின் அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

"பூசணிக்காய் சூப், மேடம்," என்று சொல்லிவிட்டு விலகினாள்.

மாஸ்டர் தட்டின் மேல் குனிந்தார். "கிணத்துல எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு. தண்ணி இந்த வருஷம் ரொம்பக் கீழ போயிடுச்சு போல."

"சும்மா இருங்க," என்று மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்துவிட்டு அவள் கரண்டியை எடுத்தாள். ஒரு வாய் வைத்தாள். அவள் கண்கள் மூடிக்கொண்டன.

மாஸ்டருக்குச் சிரிப்பு நின்றுபோனது. மகளைப் பெற்று நெஞ்சின் மேல் கிடத்தியபோது மனைவியின் முகம் இப்படி இருந்தது. அதற்குப் பிறகு அவர் அதைப் பார்த்ததில்லை. அன்று குழந்தைக்குக் கொடுத்த முகத்தை இன்று ஒரு பூசணிக்காய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, உப்பு கம்மியா?"

கண்கள் சட்டென்று திறந்தன. "இல்லையே. நல்லா இருக்கு."

அதே ரப்பர் ஸ்டாம்பு. மாஸ்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தானும் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுக்கொண்டார். குறையைத் தேடிப் போன நாக்கு வெறுங்கையோடு திரும்பியது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்து மீன் வந்தது. மொறுமொறுவென்ற தோலோடு ஒரு துண்டு, பக்கத்தில் உருளைக்கிழங்கு மசியல். அவள் மறுபடி கண்ணை மூடினாள். இம்முறை ஒரு பெருமூச்சும் வந்தது. பார்க்கப் பிடிக்காமல் மாஸ்டர் முகத்தைத் திருப்பினார். திருப்பிய இடத்தில் சமையலறைக் கதவு இருந்தது. கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம்.

வெள்ளைத் தொப்பி, ஒதுக்கிய தாடி, நாற்பது வயதிருக்கும். ஆள் பார்க்க நன்றாக இருந்ததையும் மாஸ்டர் கவனித்தார். அந்த முகம் இமைக்காமல் அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்பது அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தேதான் செய்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகால் பார்வையை மறித்தார். ஓரக்கண்ணால் பார்த்தார். முகம் கண்ணாடியின் இடது ஓரத்துக்கு நகர்ந்தது. மாஸ்டரும் அந்தப் பக்கம் சாய்ந்தார். முகம் வலது ஓரத்துக்குப் போனது. மாஸ்டர் மடியில் விரித்திருந்த துண்டை உதறுகிற சாக்கில் அந்தப் பக்கத்தையும் அடைத்தார்.

"என்ன பண்றீங்க? நாற்காலில எறும்பா?"

"காத்து அடிக்குது."

"ஜன்னலே இல்லாத இடத்துல காத்தா?"

"அந்தக் கதவுக்குப் பின்னாடி ஒருத்தன் நிக்கறான். உன் மூஞ்சியவே பாக்கறான்."

அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "அட, சமையல்காரர்! நான்கூட இந்த வயசுல நமக்கும் ஆள் இருக்குன்னு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுட்டேன்."

"சிரிக்காத. அவன் சமைச்சா கண்ண மூடற. நான் சமைச்சா ஒரே வார்த்தை. இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தடவை மூடினியா நீ?"

குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. அவள் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"மூடினேன். கல்யாணமான புதுசுல முட்டை பொரிச்சுக் கொடுத்தீங்க. அப்படி ஒரு ருசி. கண்ண மூடினேன். உடனே 'என்னாச்சு, ஓடு கிடக்குதா'ன்னு தட்டையே பிடுங்கிட்டுப் போயிட்டீங்க. திரும்பப் பொரிச்சுக் கொண்டாந்தீங்க. எனக்கு முதல் முட்டைதான் வேணும்."

மாஸ்டருக்கு இரண்டாவது முட்டைதான் நினைவில் இருந்தது.

"அன்னைலேருந்து எதுக்கு வம்புன்னு கண்ணத் திறந்தே சாப்பிடறேன். கரண்டியோட எதிர்ல நிக்கறீங்க. எனக்குப் பரீட்சை எழுதற மாதிரி இருக்கு. எங்க கடையில கண்ணாடிய மாட்டிவிட்டதும் நான் நகந்துடுவேன். மூஞ்சிக்கு நேரா நின்னா வந்தவங்க எதைப் பாப்பாங்க, எழுத்தையா? என்னைத்தான் பாப்பாங்க. நீங்க நின்னா எனக்குச் சோறு தெரியாது. நீங்கதான் தெரிவீங்க."

பரிமாறும் பெண் தட்டுகளை எடுக்க வந்தவள் கொஞ்சம் தயங்கினாள்.

"மேடம், எங்க செஃப் கேக்கச் சொன்னாரு. மீன் பிடிக்கலையா?"

மனைவி மாஸ்டரைப் பார்த்தாள். தன் முதுகுக்குப் பின்னால் அந்த மனிதன் எப்படித் தவித்திருப்பான் என்று மாஸ்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேன்டீனில் உயரமான ஆள் யாராவது குறுக்கே நின்றுவிட்டால் அவர் பட்டிருக்கிற தவிப்புதான் அது.

"பிடிச்சுதுன்னு சொல்லும்மா," என்றார். "கண்ண மூடிட்டு சாப்பிட்டாங்கன்னு சொல்லு."

பரிமாறும் பெண் போனதும் அவர் எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பின் வந்த தட்டுகளை இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். கடைசியில் ஒரு மெழுகுவர்த்தியோடு சாக்லேட் கேக் வந்தது. அவள் ஊதி அணைத்தாள். கரண்டியை எடுத்தவள் கணவரைப் பார்த்தாள். அவர் வேண்டுமென்றே முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகம் வந்து நின்றிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. புருவம் நெற்றிக்கு ஏறியிருந்தது. நானும் இப்படித்தான் இருப்பேனா, இவ்வளவு அசடாகவா, என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். கூடத்தில் கரண்டிகளின் சத்தம் கேட்டது. மனைவியின் பக்கம் சத்தமே இல்லை. பிறகு அந்தப் புருவம் இறங்கியது, தோள்கள் தளர்ந்தன, தாடிக்குள் ஒரு சிரிப்பு பரவியது. அவள் கண்ணை மூடிவிட்டாள் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் திரும்பவில்லை.

"திரும்பலாமா?"

"இருங்க," என்றாள் வாய் நிறையக் கேக்கோடு. கொஞ்ச நேரம் கழித்து, "இப்பத் திரும்புங்க."

"நம்ம வீட்டு சமையல்கட்டுக்குக் கதவே கிடையாதே," என்றார் மாஸ்டர்.

"ஒரு திரை தச்சுப் போட்டுடலாம்."

"கண்ணாடி?"

"கண்ணாடி எதுக்கு? மறுநாளே நீங்க திரையில ஓட்டை போட்டுட மாட்டீங்களா?"