இந்தப் பக்கம் உங்களுக்குத் தடை

கால்நடை மருத்துவர்கள் பதிவு மன்றத்தில் அவளுக்கு வைத்த பெயர் பூட்டு. கேலியாகத்தான் வைத்தார்கள். ஆனால் பதிவேட்டுப் பிரிவின் பொறுப்பாளரான அவள், ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி அதை ஏற்றுக்கொண்டுவிட்டாள். ஆடு மாட்டுக்கும் நாய் பூனைக்கும் ஊசி போட உரிமை வாங்கிய அத்தனை டாக்டர்களின் விவரமும் அவள் பொறுப்பில் இருந்தது. அதில் ஒரு துளிகூட அவள் வாய் வழியாக வெளியே சிந்தியது கிடையாது.

பதிவேட்டில் ஒவ்வொரு டாக்டருக்கும் இரண்டு பக்கம். வெளிப்பக்கத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர், பதிவு எண், படிப்பு, மருத்துவமனை விலாசம், அவ்வளவுதான். நம் நாய்க்கு வைத்தியம் பார்ப்பவர் நிஜமான டாக்டர்தானா என்று தெரிந்துகொள்ள அது போதும். உள்பக்கம் வேறு விஷயம். வீட்டு விலாசம், கைபேசி எண், பிறந்த தேதி, யாராவது கொடுத்த புகார் எல்லாம் அங்கே இருக்கும். அதைத் திறக்கப் போனால் ‘எதற்காக?’ என்று ஒரு சின்னக் கட்டம் குறுக்கே வந்து நிற்கும். அலுவல் காரணத்தை எழுதினால்தான் வழிவிடும்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பூட்டு சொல்வாள்: “துணிக்கடை டிரையல் ரூம்ல தாழ்ப்பாள் சரியில்லன்னா எட்டிப் பார்ப்பீங்களா? உள்பக்கமும் அப்படித்தான். திறக்க முடியும்ங்கறதுக்காகத் திறக்கக் கூடாது.”

இப்படிப்பட்டவளிடம்தான் ஒரு திங்கட்கிழமை அந்த டாக்டர் வந்து நின்றார். நெடுநெடுவென்று உயரம், கன்னத்தில் பூனை கீறிய தடம்.

“மேடம், உங்க வெப்சைட்டுல என் வீட்டு விலாசம் இருக்கு. அதை எடுத்துடணும். எடுத்தாத்தான் நான் நிம்மதியா குளிக்க முடியும்.”

“குளிக்கவா?”

“முன்னாடி வீட்டுலயே வைத்தியம் பார்த்தேன். அதனால மருத்துவமனை விலாசம்னு வீட்டையே கொடுத்துட்டேன். இப்பத் தனியா ஒரு இடம் கட்டிட்டேன், பெயின்ட் வேலைதான் பாக்கி. ஆனா ஜனங்க இன்னும் வீட்டுக்குத்தான் வர்றாங்க. நேத்து குளிச்சிட்டிருக்கேன், பின்பக்கமா ஒருத்தர் ஆட்டோட வந்துட்டார். கொடியில என் துண்டு. எட்டிப் பார்த்தா ஆடு அதைத் தின்னுட்டிருக்கு.”

“ஐயையோ, அப்புறம்?”

“அவர் சந்தோஷமா குரல் கொடுக்கறார். ‘டாக்டர், ரெண்டு நாளா வாயே திறக்கலைன்னுதான் கூட்டிட்டு வந்தேன். உங்க வீட்டுக்கு வந்ததும் நல்லா சாப்பிடுது!’ங்கறார்.”

பூட்டு சிரித்துவிட்டாள். உதட்டோடு நிறுத்திக்கொள்ளும் அலுவலகச் சிரிப்பு இல்லை. கண்ணில் நீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த கவுன்டரில் இருந்த ரேடியோ திரும்பிப் பார்த்தாள். ரேடியோவும் பட்டப்பெயர்தான். பதிவேட்டு டாக்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விடமாட்டாள். ஆனால் சக ஊழியர்களைப் பற்றிப் பேசக் கூடாது என்று எந்த விதியும் இல்லையே!

பூட்டு தன்னைச் சமாளித்துக்கொண்டு, வந்தவர் அவர்தானா என்று உறுதிசெய்ய வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். பிறந்த தேதி, படித்து முடித்த வருடம், பதிவின்போது கொடுத்த கைபேசி எண்.

“எங்கம்மாவுக்கே என் பிறந்த தேதி சட்டுன்னு வராது மேடம்.”

“அதுக்குத்தான் சார் கேக்கறோம். உங்கம்மாவே வந்து கேட்டாலும் தரமாட்டோம்.”

“அம்மா வந்தா கொடுத்துடுங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்.”

மறுபடியும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வீட்டு விலாசத்தை அழித்தாள். வெளிப்பக்கத்தில் அந்த இடத்தில் ‘உறுப்பினரின் விருப்பப்படி வெளியிடப்படவில்லை’ என்று விழுந்தது. புது மருத்துவமனை தயாரானதும் அதன் விலாசத்தைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

அவர் போன பிறகு அலுவலகம் என்னவோ கல்யாணம் முடிந்த மண்டபம் போல ஆகிவிட்டது.

சாயங்காலம் அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா, அத்தான், பூட்டு மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தங்கை முகத்தைப் பார்த்தே அக்கா விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

“மாட்டு டாக்டரா? பரவாயில்ல, நம்ம வீட்டு மனுஷங்களுக்கு அவர்தான் சரி. போன் பண்ணிப் பேசேன். நம்பர் இருக்குல்ல?”

“நம்பர் ஆபீஸ்கிட்டதான் இருக்கு. எங்கிட்ட இல்ல.”

“ஆபீஸ்ல யார்கிட்ட?”

“எங்கிட்ட.”

அக்கா மடித்த போர்வையை மடியில் போட்டுக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தாள். “உனக்குக் கிறுக்கு எதுவும் பிடிக்கலையே?”

“அக்கா, அவர் பதிவுக்காக நம்பர் கொடுத்தார். நான் கூப்பிட்டுப் பேசறதுக்காகக் கொடுக்கல.”

“சரிடி, கூப்பிட வேண்டாம். கல்யாணம் ஆயிடுச்சான்னாவது பார்த்தியா?”

“அதை நாங்க கேக்கறதே இல்ல. தேவையில்லாததைக் கேட்டு வச்சுக்கக் கூடாதுன்னு விதி.”

“அதுதாண்டி தேவை! மத்ததெல்லாம் எதுக்கு?” அக்கா எகிறினாள். “என்னங்க, இந்தக் கொடுமையைக் கேட்டீங்களா?”

சோபாவில் இருந்த அத்தான் பேப்பரை இறக்கவில்லை. “வெளிப்பக்கம்னு ஒண்ணு இருக்காமே. அதை நாம பார்க்கலாம்தானே? விலாசம் இருக்கும். நம்ம தெருவுல ஒரு பூனையைப் பிடிச்சுட்டு வந்து, அதுக்கு இருமல்னு கிளம்பிட வேண்டியதுதான்.”

அக்காவுக்கு உயிர் வந்தது. பெயரைக் கேட்டாள். அவர் ஒரு டாக்டர் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் பூட்டு அதை மட்டும் சொன்னாள். அக்கா கைபேசியில் தேடினாள், கண்டுபிடித்தாள், படித்தாள். முகம் சுண்டியது.

“வெளியிடப்படவில்லைன்னு போட்டிருக்கு. எந்தப் புண்ணியவதி மறைச்சா?”

பூட்டு தரையைப் பார்த்தாள். “நான்தான். இன்னிக்குக் காலையில.”

அத்தானின் பேப்பர் குலுங்க ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சில நாட்கள் பூட்டுக்கு வேலையே ஓடவில்லை. ஒரு மதியம் அவள் விரல்கள் தாமாகவே அவர் பதிவு எண்ணை அடித்துவிட்டன. ‘எதற்காக?’ என்று கட்டம் வந்தது. என்ன எழுத? விலாச மாற்றம் என்று ஒரு வார்த்தை தட்டினால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. அவள் எழுதியதை யார் சந்தேகப்படுவார்கள்? அதுதான் அவளைச் சுட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, கட்டத்தை மூடிவிட்டு, நேரே செயலாளரின் அறைக்கு நடந்தாள்.

செயலாளர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒரு டாக்டரோட உள்பக்கத்தை நான் பார்க்க முடியாதபடி தடை போடுங்க.”

“ஏம்மா, சொந்தக்காரரா?” ஊழியர்களுக்கு வேண்டியவர், வேண்டாதவர் யாராவது பதிவேட்டில் இருந்தால் அப்படித் தடை போடுவது வழக்கம்தான். அவர் கணினியைத் திருப்பினார். “எந்தக் கட்டம்னு சொல்லுங்க. உறவு, நட்பு, கூட்டு வியாபாரம், பகை, அறிமுகம்.”

பகைக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. அவளுக்கு வந்திருப்பதற்கு இல்லை.

“இன்னும் எதுவும் இல்ல சார்.”

“ஒண்ணுமே இல்லாததுக்கா தடை கேக்கறீங்க?”

“ஏதாவது ஆனதுக்கு அப்புறம் கேட்டா அது தடையா சார்? மன்னிப்பு.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “எனக்கு… அவரைப் பிடிச்சிருக்கு. அவருக்குத் தெரியாது. அவர் நம்பர் என் கைக்கெட்டற தூரத்துல இருக்கக் கூடாது.”

செயலாளர் வாயைத் திறந்தபடி இருந்தார். பிஸ்கட் ஊறி டீக்குள் விழுந்தது. அவர் அதைத் தேடக்கூட இல்லை. “அறிமுகம்னே போட்டுடறேன்,” என்றார் மெல்ல.

இருக்கைக்கு வந்து சோதித்துப் பார்த்தாள். ‘இந்தப் பக்கம் உங்களுக்குத் தடை’ என்று திரை சொன்னது. மனசு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அரைமணி நேரம் அப்படித்தான் இருந்தது. தடை விஷயம் எப்படியோ காதில் விழுந்து, ரேடியோ நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

“ஏண்டி பூட்டு, அவருக்கு மெயில் போயிடுச்சா?”

“எந்த மெயில்?”

“தடை போட்டா அன்னிக்கே உறுப்பினருக்குச் சொல்லணும்னு விதி இருக்குல்ல. அவர் விவரம், அவருக்குத் தெரியணும்னு மீட்டிங்ல மேஜையைத் தட்டிச் சண்டை போட்டியே!”

பூட்டுக்கு உச்சந்தலையில் யாரோ குளிர்ந்த நீரை ஊற்றிய மாதிரி இருந்தது. சண்டை போட்டதும் அவள்தான், விதியை எழுதியதும் அவள்தான். செயலாளர் அறைக்கு ஓடினாள்.

“சார், மெயில்…”

“உடனே அனுப்பிட்டேன்மா,” என்றார் அவர் பெருமையாக. “உங்க விதியாச்சே, தாமதம் பண்ணுவேனா?”

அவர் காட்டிய மெயிலில் இப்படி இருந்தது: ‘தங்களுடன் தனிப்பட்ட அறிமுகம் இருப்பதாக இவ்வலுவலக ஊழியர் ஒருவர் தாமாக முன்வந்து தெரிவித்துள்ளார். எனவே தங்கள் உள்பக்கத்தைக் காண அவருக்குத் தடை விதிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபம் இருப்பின் தெரிவிக்கவும்.’

பெயர் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் ‘இங்கே எனக்கு யாரையும் தெரியாதே’ என்று அவர் ஒரு வரி பதில் போட்டால் போதும். என்ன அறிமுகம், எப்படி வந்தது, அவர் விவரத்தை எடுத்து யாராவது எதற்காவது பயன்படுத்தினார்களா என்று விசாரணை நடக்கும். இத்தனை வருடம் காத்த நல்ல பெயர் ஒரு பக்கம். அவர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அதிகம் வலித்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். “காதலைச் சொல்ல எத்தனையோ வழி இருக்கு. ஆபீஸ் முத்திரையோட சொன்னவ உலகத்துலயே நீ ஒருத்திதாண்டி.”

பதில் மெயில் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் ஆளே வந்தார்.

மாடிப்படியில் தலை தெரிந்ததுமே பூட்டு கோப்பு ஒன்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் நேராக அவள் மேஜைக்குத்தான் வந்தார்.

“மேடம், புது விலாசம் கொடுக்கணும்.”

“அடுத்த கவுன்டருக்குப் போங்க சார். உங்க விவரத்தை நான் பார்க்கக் கூடாது.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்ப அது நீங்கதான்,” என்றார் டாக்டர்.

தட்டச்சுச் சத்தம் அறை முழுவதும் ஒரே சமயத்தில் நின்றது.

“ஆட்சேபம் இருந்தாச் சொல்லச் சொல்லியிருக்கீங்க. எனக்கு ஒண்ணு இருக்கு.”

பூட்டு எழுந்து நின்றாள். “சொல்லுங்க சார். உங்க நம்பரையோ விலாசத்தையோ நான் எதுக்கும் எடுக்கல. யார் யார் பார்த்தாங்கன்னு முழு விவரம் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கு.”

“அது இல்லைங்க. அறிமுகம்னு போட்டிருக்கு. அது தப்பு. உங்களுக்கு என் பிறந்த தேதி தெரியும், என் துண்டு போன கதை தெரியும். எனக்கு உங்களைப் பத்தி என்ன தெரியும்? பேர்கூடத் தெரியாது. ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா அது அறிமுகமா?” அவர் காது சிவந்திருப்பதை அப்போதுதான் பூட்டு கவனித்தாள். வீட்டில் நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்! “தப்பான தகவலைத் திருத்தச் சொல்லலாமாமே?”

“சொல்லலாம். அறிமுகம்ங்கறதை… அழிச்சுடணுமா?”

“அதை ஏன் அழிக்கணும்? உண்மையாக்கிட்டாப் போச்சு. கீழ ஒரு டீக்கடை இருக்கே. நானும் அன்னிலேருந்து இந்தப் பக்கம் வர ஒரு சாக்கு தேடிட்டுத்தான் இருந்தேன். மெயில் வந்ததும் ரெண்டு நாள் நம்பவே இல்ல. நீங்களா இருக்கணுமேன்னு இருந்தது. வேற யாராவதா இருந்துட்டா என்ன பண்றதுன்னும் பயமா இருந்தது.”

கதவருகில் தொண்டையைச் செருமும் சத்தம். செயலாளர் டீ கோப்பையோடு நின்றிருந்தார். “திருத்தக் கோரிக்கை வந்தா உடனே கவனிக்கணும்மா. விதி உங்களுதுதான்.”

பூட்டு தன் பெயரைச் சொன்னாள். அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அது புதுச் செய்தி.

விலாசத்தை அவர் ரேடியோவிடம் பதிவுசெய்து முடிக்கும்வரை பூட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தடை என்றால் தடைதான். கீழே டீக்கடையில் பெஞ்சு ஆடியது, டீ நுனிநாக்கைச் சுட்டது. புது மருத்துவமனை எந்தத் தெருவில், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அவரே கை நீட்டி நீட்டிச் சொன்னார். கல்யாணம் ஆகவில்லை என்பதையும், யாரும் கேட்காமலே, சர்க்கரை போதுமா என்று கேட்கிற சாக்கில் சொல்லிவிட்டார். தன்னைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியாமல் பூட்டு முதலில் தடுமாறினாள். அப்புறம் நிறுத்தத் தெரியாமல் பேசினாள்.

சாயங்காலம் அக்கா வாசலிலேயே மறித்தாள். “வயசு என்ன? அம்மா எப்படி? கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?”

“அவர் எங்கிட்டச் சொன்னதை அவரைக் கேட்காம எப்படிக்கா சொல்றது?”

“அடியே, வீட்டுக்குள்ளயுமா!”

“ஞாயித்துக்கிழமை வர்றார். நீயே கேட்டுக்கோ.”

அடுத்த கணம் அக்கா உள்ளே திரும்பி, சோபாவில் கிடந்த அத்தானையும் பேப்பர் குவியலையும் ஒரே குரலில் எழுப்பிக்கொண்டிருந்தாள்.