பங்காளி வீட்டுப் பொங்கல்

குலசாமியின் பெயரைச் சொல்லும்போது யாழினி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த ஒரு பெயரைச் சொல்வதற்காகவே மலேசியாவிலிருந்து விமானமேறி வந்தவள்போல, அத்தனை ஆசையாகச் சொன்னாள்.

பொங்கல் வெள்ளிக்கிழமை வந்ததால் சனி, ஞாயிறும் விடுமுறையோடு சேர்ந்துகொண்டன. கோலாலம்பூரில் அவளோடு வேலை பார்க்கும் மதன், மோகனூரில் இருக்கும் தன் வீட்டுக்கு அவளை அழைத்து வந்திருந்தான். "கூட வேலை பாக்கற பொண்ணும்மா. நம்மூரு நோம்பி பாக்கோணும்னாங்க" என்று மட்டும் அம்மா சென்னியம்மாளிடம் சொல்லியிருந்தான். மலேசியாவில் கிள்ளான் நகரில் இருக்கும் யாழினியின் அப்பாவுக்குச் சொன்னதும் அதே கதைதான். மாட்டுப் பொங்கல் முடிந்ததும் கல்யாணப் பேச்சை எடுப்பதாக ஏற்பாடு. அம்மா சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

"எங்கம்மாவுக்கு வர்ற மருமக நம்ம சனமா இருக்கோணும்" என்று மதன் முன்பு ஒருமுறை பெருமூச்சு விட்டபோது யாழினி உள்ளுக்குள் மகிழ்ந்தாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா இந்தப் பக்கத்திலிருந்துதான் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறினார். அப்பா இன்றும் குலசாமி பெயரைச் சொல்லித்தான் சூடம் கொளுத்துவார். எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, அதை மதனிடம்கூடச் சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தாள். அவன் அம்மாவின் முகம் மலர்வதை அவனும் கூட இருந்து பார்க்கட்டும்.

வந்ததிலிருந்து மதன் சொல்லிக் கொடுத்தபடி எல்லாவற்றுக்கும் 'ங்க' சேர்த்துப் பேசினாள். வாசலில் கிடந்த நாயையும் "வாங்க" என்று கூப்பிட்டாள். "நம்மூட்டு நாய்க்கு இப்பத்தான் மருவாதி கெடைக்குது" என்று சென்னியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சனிக்கிழமை மாலை தொழுவத்தில் பொங்கல் வைத்து, மாடுகளுக்கு ஊட்டிவிட்டு, எல்லோரும் இலையில் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருந்தார்கள். மதனின் அப்பா சின்னராஜ் சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"ஏம்மணி, உங்க பூர்வீகம் எந்தப் பக்கம்?"

"இங்கதாங்க. மோகனூர்ப் பக்கம்னு அப்பா சொல்வாருங்க. குலசாமி ஆத்தங்கரை பூவாயி அம்மன்ங்க."

சென்னியம்மாளின் முகம் மலர்ந்தது. யாழினி எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே மலர்ந்தது. இலையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"ஏனுங்க, கேட்டீங்களா. நம்ம சாமிதானுங்க. நம்ம பங்காளியூட்டுப் பொண்ணுங்க இவ. பொட்டப்புள்ள இல்லைன்னு எத்தன நாள் அழுதிருப்பேன். டேய் மதனு, உன்ற தங்கச்சிடா."

யாழினி அந்தத் தோளுக்கு மேலாக மதனைத் தேடினாள். அவன் தலை நிமிரவில்லை.

ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை, அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது என்பதைக் கிள்ளானில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. சாமியின் பெயர் மட்டும்தான் கடல் தாண்டி வந்திருந்தது.

இருட்டுவதற்குள் கரும்புக்காட்டு வரப்பில் அவனைத் தனியாகப் பிடித்தாள்.

"நூறு வருசத்துக்கு முன்னாடி போனவங்க மதன். நீயுமா இதை நம்புற?"

"நான் நம்பறதா முக்கியம்? வேற சாதின்னா சண்ட போட்டிருப்பேன். வேண்டாம்னு சொல்றவங்ககிட்டச் சண்ட போடலாம். எங்கம்மா உன்னை மகள்னு சொல்லிட்டாங்க யாழி. இதுல யாருகூடச் சண்ட போடறது?"

"நீ ஒரு தடவை என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"மலேசியாக்காரிக்குக் குலசாமி இருக்கும்னு எனக்கெப்படித் தெரியும்?"

கரும்புத் தோகை ஒன்றை ஒடித்துக்கொண்டே அவள் கேட்டாள். "நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

"இருந்திருக்கலாம்" என்றான்.

மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி. பெண்கள் கூட்டமாக ஆவாரம்பூ பறிக்கப் போன வழியெல்லாம் சென்னியம்மாள் அவள் கையை விடவில்லை. "எம்பொண்ணு, மலேசியாவுல இருக்கறா" என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். பக்கத்து வீட்டு ராஜம்மாள், கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த மதனைப் பார்த்து, "கூடப் பொறந்தவளுக்குச் சீரு செய்யோணுமே. உனக்கு வருசா வருசம் செலவுதான் போ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். யாழினியும் சிரிக்க வேண்டியிருந்தது.

வீடு திரும்பியதும் சின்னராஜ், "உங்கப்பாவக் கூப்புடு சாமி" என்று பிடிவாதம் பிடித்தார். தட்டிக்கழிக்க முடியவில்லை. செல்போன் திரையில் அப்பா விஷயத்தைக் கேட்டார், கண்ணாடியைக் கழற்றினார், அழுதார், அழுகையோடே சிரித்தார்.

"அண்ணே, எங்கப்பா சாகற வரைக்கும் இந்தச் சொந்தத்தைத் தேடினாரு அண்ணே."

அப்பா இவ்வளவு சந்தோஷப்பட்டு யாழினி பார்த்ததில்லை. அம்மா இறந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரிப்பதே இப்போதுதான்.

"இனி எதுக்குங் கவல? பொண்ணுக்கு மாப்ள பாக்கறத எங்ககிட்ட உட்ருங்க தம்பி" என்றார் சின்னராஜ். "அண்ணங்காரன் முன்னால நின்னு கல்யாணத்தப் பண்ணி வெப்பான்." பிறகு செல்போனை மதன் பக்கம் நீட்டினார். "டேய், சித்தப்பாகிட்டப் பேசு."

மதன் வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேசு பேசு என்று தலையாட்டினாள். பிறகு யாழினியைப் பார்த்தான். அவள்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் போனை வாங்கினான்.

"நல்லாருக்கீங்களா சித்தப்பா" என்றான்.