வெளுத்துப்போன பில்

என் தேய்ப்புக் கடை வாசலில் தம்பியைத் தேடிப் போலீஸ்காரர் வந்து நின்றபோது எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை அவன். அவனைத் திருடன் என்றால் சும்மா இருப்பேனா?

"போட்டோ எடுக்கற ஒருத்தரை யாரோ அடிச்சுப்போட்டுக் கேமராவைத் தூக்கிட்டாங்க. மண்டை உடைஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்காரும்மா. இன்னும் கண்ணு முழிக்கல" என்றவர், தம்பியின் கழுத்தில் தொங்கிய கேமராவைக் காட்டினார். "காணாமப் போனதும் இதே மாதிரிதான். அடியில நம்பர் வேற தேஞ்சு கெடக்கு. வாங்கின பில் இருக்கா?"

"ஊர்ல ஒரே ஒரு கேமராதான் இருக்கா சார்? காசு குடுத்து வாங்கினான். பில்லை எடுத்து மூஞ்சில காட்டுடா!"

தம்பி பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினான். வெறும் வெள்ளைத் தாள். "அழிஞ்சுபோச்சு சார். இந்த மெஷின் பில்லெல்லாம் இப்படித்தானே."

போலீஸ்காரர் தாளை முன்னும் பின்னும் திருப்பினார். "இதை வெச்சு நாக்கு வழிக்கவா? ஜீப்புல ஏறு."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. உள்ளே கொண்டுபோய் என் பிள்ளையை என்னவெல்லாம் செய்வார்களோ!

"கொஞ்சம் பொறுங்க சார், எழுத்தை நான் வரவழைக்கிறேன்" என்றேன். சட்டைப்பையில் மறந்துபோன பில்களை எத்தனை தடவை தெரியாமல் தேய்த்திருக்கிறேன்! இளஞ்சூட்டில் தாள் கறுக்கும், அழிந்த எழுத்து மட்டும் வெளுப்பாக நிற்கும். சூடு கூடினால் மொத்தமும் கரி.

"வேணாங்க்கா, கருகிடும்." தம்பி என் கையைப் பிடித்தான். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது. பாவம், பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்தேன்.

"வாயை மூடு. இத்தனை வருஷமா நான் என்ன மண்ணையா தேச்சேன்?"

தாள்மேல் பழைய துணியைப் போட்டு, சூடு குறைந்த பெட்டியால் மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தேன். தெய்வமே, வந்துவிடு, வந்துவிடு. துணியை விலக்கினேன். தாள் சாம்பல் நிறமாகியிருந்தது. கடையின் பெயர் தெரிந்தது. எங்கள் தெருமுனை மளிகைக் கடை. அதற்கடுத்த வரியில் பினாயில், இரண்டு. அதற்கும் கீழே கொசுவத்தி.

அவ்வளவுதான். கேமரா என்று ஒரு எழுத்து இல்லை. நிமிர்ந்தேன். தம்பி தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா, ஏதாச்சும் தெரியுதா?" போலீஸ்காரர் மேஜையைச் சுற்றி வந்தார்.

பக்கத்தில் நன்றாகச் சூடேறிக் கிடந்த பெரிய பெட்டியை எடுத்து அப்படியே தாள்மேல் அழுத்தினேன்.

"ஐயையோ, கருகிடுச்சு சார்!"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா வரவழைச்சீங்க! ரெண்டு பேரும் இங்கயே இருங்க" என்று வாசலுக்குப் போய் யாருக்கோ போன் போட்டார்.

கடைக்குள் நாங்கள் இருவர் மட்டும்.

"பார்த்துட்டியாக்கா?" என்றான், ரகசியமாக.

"எதைடா?"

அவன் கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தான். "சூடா இருக்கு பாரு. பெட்டியைக் குடுக்கா, நான் வெச்சிடறேன்."

நான் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தேன்.