அந்தரத்தில் இரண்டு கத்திகள்

எருமப்பட்டிக்குக் கிழக்கே, சின்னராஜ் வாசலுக்கும் அவன் தம்பி குருமூர்த்தி வாசலுக்கும் நடுவில், ஆள் மார்பு உயரத்தில் இரண்டு கத்திகள் ஒன்றையொன்று பார்த்தபடி அந்தரத்தில் நிற்கின்றன. கோழித்தீவன மூட்டை பிரிக்கிற கத்திகள்தான். ஒரு சித்திரை வெயிலில், தம்பியின் தண்ணீர் முறையன்று அண்ணன் பொதுக்கிணற்று மோட்டாரை நிறுத்தாமல் தன் காட்டுக்கே ஓட்ட, தம்பியின் பண்ணையில் கோழிகள் வாய் பிளந்து செத்தன. இருவரும் கத்தியை உருவினார்கள். தம்மம்பட்டியிலிருந்து விருந்துக்கு வந்திருந்த அக்கா மாரக்காள் நடுவில் பாய்ந்து, "கத்திய உடுங்க சாமீ!" என்று அலறினாள். அக்கா பேச்சைத் தட்டாதவர்கள், விட்டார்கள். கத்திகள் விழவில்லை. கீழே வையுங்கள் என்று சொல்லாமல் போனேனே என்று மாரக்காள் இன்றுவரை தன்னையே நொந்துகொள்கிறாள்.

ஊருக்குப் பழகிப்போனது. முட்டை வேன்காரன் ஒதுங்கிப் போகக் கற்றுக்கொண்டான். ஆயுத பூஜைக்கு அவரவர் பெண்டாட்டி அவரவர் கத்திக்கு நின்ற இடத்திலேயே சந்தனம் வைத்தாள். நாமக்கல் ஹாஸ்டலில் படித்த குருமூர்த்தி மகள் தேவிப்ரியா ஒரு லீவில் வந்து, இதற்கு இங்கிலீசில் 'அட் டாகர்ஸ் டிரான்', அதாவது கத்தியை உருவிக்கொண்டு நிற்பது, என்று பேர் என்றாள். "நெசக் கத்தி வேணும்னு இல்லீங்க அத்தை. தீராப் பகையா இருந்தாலே அப்பிடிச் சொல்லலாமாம். அப்பாவையும் பெரியப்பாவையும் வெச்சு வாக்கியம் எழுதுனேன், மிஸ் வெரிகுட் போட்டாங்க."

"வெள்ளைக்காரனுக்கும் கூடப்பொறந்தவன் இருந்திருப்பானாட்ட இருக்குது," என்றாள் மாரக்காள்.

அவள் மகள் சரிதாவுக்குக் கல்யாணம் கூடியது. தாய்மாமன்கள் இருவரும் சேர்ந்து சீர் கொண்டுவராவிட்டால் தம்மம்பட்டியில் தலை நிமிர முடியாது. உருவிய கையே எடுத்து வைத்தால் கத்தி இறங்கும் என்று ஊர்ப் பெரியவர் பச்சமுத்து சொன்னார். முகூர்த்தத்தன்று விடியலில், சீர்த்தட்டுகள் வேனில் ஏறிய பிறகு, இருவரும் வெள்ளை வேட்டியில் வந்து அவரவர் கத்தியின் பிடிக்குப் பின்னால் நின்றார்கள். நான் எடுத்துவிட்டு அவன் எடுக்காவிட்டால்? அந்தப் பயம் இருவர் முகத்திலும் ஒன்றுபோல இருந்தது. ஒரே வயிற்றில் பிறந்த முகங்கள்தானே.

"அவன் மொதல்ல எடுக்கட்டுங்க்கா."

"மூத்தவரு எடுக்கட்டும், நானும் எடுக்கறேன்."

மாரக்காள் அழுதாள், திட்டினாள், காலில்கூட விழப்போனாள். வெயில் ஏறியது. கடைசியில் முந்தானையை உதறிக்கொண்டு தனியாக வேனில் ஏறிப் போனாள். மாரக்காளின் பெரியம்மா மகன் ஒருவன் மாமன் முறைக்கு நின்றான். சீர்த்தட்டைப் பார்த்த சம்பந்தி வீட்டார் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகும் அவள் வராமல் இல்லை. பிறந்த வீட்டை யாரால் விட முடிகிறது? போன தைப்பொங்கலுக்கு வந்தவள் குளித்துவிட்டு ஈரச்சேலையோடு கொடிக்கயிறு தேடினாள். கயிறு அறுந்து கிடந்தது. சேலையை உதறி, இந்தக் கத்திப் பிடியிலிருந்து அந்தக் கத்திப் பிடிவரை நீளமாக விரித்துப் போட்டாள். கத்திகள் அசையவில்லை. மத்தியானத்துக்குள் சேலை நன்றாகக் காய்ந்துவிட்டது.