எதிர்ச்சுவர் போர்டு

பூந்தமல்லியில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இருந்ததே ஒரு நீளக் கொட்டகைதான். கிழக்குச் சுவர்ப் பக்கம் மூன்றாம் வகுப்பு, மேற்குச் சுவர்ப் பக்கம் நாலாம் வகுப்பு. நடுவில் தடுப்பு கிடையாது. பிள்ளைகள் முதுகோடு முதுகு முட்ட உட்காருவார்கள். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், வாத்தியார் தன் பிள்ளைகளைப் பார்த்து நின்றால் தன் போர்டு முதுகுக்குப் பின்னால் போய்விடும். நாள் முழுக்கக் கண்ணெதிரே நிற்பது அடுத்தவன் போர்டு.

நாலாம் வகுப்பு வாத்தியார் செங்கல்வராயனுக்கு இது அதுநாள் வரை ஒரு குறையாகவே பட்டதில்லை. ஏனென்றால் இரண்டு போர்டும் ஒரே மாதிரி சொட்டை விழுந்து கிடந்தன. போர்டு என்றாலும் பலகை இல்லை. சுவரிலேயே ஒரு சதுரத்துக்கு எந்தக் காலத்திலோ கறுப்புப் பூசி வைத்தது. கறுப்பு உதிர்ந்து சுண்ணாம்பு பல்லை இளித்தது. அதன்மேல் சாக்கட்டியால் எழுதினால் வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விடும்.

அப்போதுதான் மேனேஜர் பரந்தாமன் ஒரு சேதி சொன்னார். துரைத்தனத்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அடுத்த வியாழக்கிழமை வருகிறார். இரண்டு வாத்தியார்களில் ஒருவரைச் சைதாப்பேட்டைக்கு டிரெயினிங் அனுப்புவதாக இருக்கிறார். போய்த் திரும்புகிறவர்தான் அடுத்த ஹெட்மாஸ்டர்.

செங்கல்வராயன் அன்றைக்கே மனசுக்குள் ஹெட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். வயதிலும் சர்வீஸிலும் அவன்தான் மூத்தவன்.

திங்கட்கிழமை காலை அவன் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினான். எதிர்ச்சுவரைப் பார்த்தான். வாயில் இருந்த வாய்ப்பாடு அப்படியே நின்றுபோனது.

மூன்றாம் வகுப்பு போர்டு கன்னங்கரேலென்று இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த வகுப்பு வாத்தியார் லோகநாதன் தன் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறான். வீட்டுக்கு ஒரு கை அடுப்புக்கரி, வேலியில் படர்ந்த கோவை இலை, குப்பைமேட்டு ஊமத்தை இலை. எல்லாவற்றையும் மசிய அரைத்துப் பழந்துணியில் தோய்த்துத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து... செலவு சுத்தமாக இல்லை. போதாததற்குச் சுற்றிலும் செம்மண் கரை. மூலைக்கு ஒரு கிளி.

அந்தக் கிளியைத்தான் செங்கல்வராயனால் தாங்க முடியவில்லை.

நாலாம் வகுப்பு மொத்தமும் கழுத்தைத் திருப்பி வேடிக்கை பார்த்தது.

"பாடம் இங்க கீது, கழுத்து அங்க கீதா?" என்று பிரம்பால் மேஜையில் ஒரு போடு போட்டான்.

"சார், கிளி சோக்கா கீது சார்," என்றாள் முன்வரிசை வசந்தா.

"அது கிளியா? காக்காவுக்குக் காமாலை வந்தா மாரி கீது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் அவன் பக்கம் வரவில்லை, கிளியைப் பார்த்துக்கொண்டேதான் வந்தது.

மத்தியானம் லோகநாதன் தானாகவே வந்தான். "அண்ணாத்தே, அரைச்சது ஒரு சட்டி மீந்து கீது. உன் போர்டுக்கும் பூசிக்கலாம். நானே வந்து பூசித் தரேன்."

"உன் மிச்சம் எனுக்கு எதுக்கு நைனா? நா வேற ஒண்ணு வெச்சிகீறேன்."

"இன்னாது அண்ணாத்தே?"

"பாரு. பாத்துகினே இரு."

உண்மையில் அவனிடம் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு ஊர் வேலிகளில் ஒரு கோவை இலைகூட மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் மூன்றாம் வகுப்பு மொட்டையடித்திருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வயிறு காந்தியது. அதே காந்தலோடு வாசலில் கால் வைத்தபோதுதான் அப்பா ஞாபகம் வந்தது. அப்பா கொத்தனார். சுண்ணாம்புப் பூச்சுக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணியை ஊற்றுவார். அவர் பூசிய சுவரில் முகம் பார்க்கலாம். சுவருக்கு ஆகிற வைத்தியம் சுவரில் இருக்கிற போர்டுக்கு ஆகாதா?

மனைவி வடிவு உறியிலிருந்த வெல்ல உருண்டைகளை அவன் இறக்குவதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாயா, பண்டிக வெல்லத்துல கை வெக்கிற?"

"போர்டுக்கு."

"போர்டு இன்னா, புள்ளத்தாச்சியா? வாய்க்கு ருசியா கேக்குதா?"

"உனுக்கு இன்னா தெரியும்? வியாழக்கெழம இன்ஸ்பெக்டரு வராரு. லோகநாதன் போர்டு மூஞ்சில கரிய பூசணும்."

"அது போர்டு. ஏற்கெனவே கரிதான் பூசிகீது," என்று சொல்லிவிட்டு வடிவு அடுப்படிக்குப் போனாள். வெல்லத்தில் பாதியை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவனே கரியை இடித்தான், சலித்தான். வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணியில் குழைத்துத் தேய்த்தான். புதன்கிழமை காய்ந்தது. அடடா, என்ன பளபளப்பு! மேனேஜர் வந்து பார்த்து, "செங்கல்வராயா, இன்னாபா இது, மைசூர் ராஜா வாசப்படி மாரி!" என்றார். லோகநாதன் தன் வகுப்பை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தான்.

"அண்ணாத்தே, கண்ணாடி மாரி கீதே! இன்னா போட்ட?"

"அது எங்கப்பன் ஊட்டு வேல. சொல்றதுக்கில்ல."

அன்று முழுக்க லோகநாதன் பாடம் நடத்தும்போதெல்லாம் இந்தப் போர்டைத்தான் பார்த்தாக வேண்டும். அதை நினைக்க நினைக்கச் செங்கல்வராயனுக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்தது.

சாயங்காலம் தூறல் பிடித்தது. விடிகிறவரை விடவில்லை. கொட்டகைக்குள் ஈரக்காற்று. வெல்லம் வெல்லமாகத்தானே இருக்கும்? கசிந்தது.

வியாழன் காலை முதலில் உள்ளே போன வசந்தா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "சார், போர்டு நகுருது சார்!"

போர்டு நிஜமாகவே நகர்ந்தது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, கட்டெறும்பு. ஊரில் உள்ள எறும்பெல்லாம் கல்யாணத்துக்கு வந்தது போல வரிசை வரிசையாக ஊர்ந்தது. செங்கல்வராயன் துணியால் அடித்தான். எறும்பு அவன் கையில் ஏறிக் கடித்தது. ஈரத்துணியால் தேய்த்தான். கறுப்பு பிசின் மாதிரி துணியோடு வந்தது, உள்ளே சுண்ணாம்பு தெரிந்தது. கடித்த இடத்தைச் சொறிந்ததில் சட்டை, கன்னம், நெற்றி எல்லாம் கரி.

வெளியே ஜட்கா வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

லோகநாதன் ஓடிவந்தான். போர்டைப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் செங்கல்வராயனுக்கு எவ்வளவோ தேவலாம்.

"அண்ணாத்தே, மூஞ்சிய தொட. உன் புள்ளைங்கள இப்டி திருப்பி குந்த வையி. என் போர்டுல நட்த்து. நா என் பசங்கள மரத்தடிக்கி இட்டுகினு போறேன், வாயால கணக்கு போட்டுக்குறோம்."

"ஓணாம் நைனா..."

"இன்னா ஓணாம்? அவரு எறங்கிட்டாரு. போ!"

பிள்ளைகள் திரும்பி உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் வேலை. இன்ஸ்பெக்டர் வந்து நாற்காலியில் அமர்ந்தார். செங்கல்வராயன் கூவம் ஆறு வரும் வழியை வரைய ஆரம்பித்தான். திருவேற்காடு, வானகரம், பட்டணம், கடல். சாக்கட்டி அந்தப் போர்டில் தானாக ஓடியது. அழுத்தவே வேண்டாம், கோடு வெள்ளைவெளேரென்று விழுந்தது. கையில் அந்தச் சுகம் ஏற ஏற, 'மூன்று நாளாக இவன் இதில் எழுதிக்கொண்டிருந்தானா!' என்று நெஞ்சில் இன்னொன்று ஏறியது.

பாடம் முடிந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து விரலால் போர்டைத் தடவிப் பார்த்தார். "அருமையான போர்டு. பைசா செலவில்லாமல் செய்தது போலிருக்கிறதே. யார் செய்தது, நீங்களா?"

லோகநாதன் வெளியே மரத்தடியில் இருந்தான். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வாத்தியாரை மீறிப் பேசமாட்டார்கள். 'ஆமாம் சார்' என்றால் போதும், சைதாப்பேட்டை. செங்கல்வராயன் வாயைத் திறந்தான். அப்போது இன்ஸ்பெக்டரின் விரல் மூலைக்குப் போய் நின்றது.

"இந்தக் கிளியும் உங்களுடையதுதானா?"

அந்தக் கிளி! மூன்று நாளாக அவனை முறைத்த கிளி. எதை வேண்டுமானாலும் தன்னுடையது என்று சொல்லலாம், இந்தச் சனியனையா சொல்வது? யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"சேச்சே, அது லோகநாதனுது சார்! எல்லாமே அவன் பண்ணதுதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இன்ஸ்பெக்டர் அதற்குள் மரத்தடிக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் லோகநாதன் சைதாப்பேட்டைக்குக் கிளம்பினான். போகிற அன்று, "அண்ணாத்தே, நீ மட்டும் அன்னிக்கி என் பேர சொல்லலேன்னா..." என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. செங்கல்வராயன், "போயிட்டு வா நைனா," என்றான்.

புது ஆள் வரும்வரை இரண்டு வகுப்பும் அவன் பொறுப்பு. கிழக்குச் சுவர் போர்டும் அவனுடையதுதான். அதில் எழுதிவிட்டுத் திரும்பினால் எதிர்ச்சுவரில் சுரண்டிப்போட்ட வெறும் சுண்ணாம்பு. பொறாமைப்பட அங்கே ஒரு கோடுகூடக் கிடையாது. இனிமேலாவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று ஒரு மத்தியானம் வீட்டில் இலை முன் உட்கார்ந்தான்.

வடிவு குழம்பை ஊற்றியபடியே, "லோகநாதன் சம்சாரத்த கெணத்தாண்ட பாத்தேன். சைதாப்பேட்டையில போர்டெல்லாம் தேக்குப் பலகையாமே? காலு வெச்சி நிக்குமாம். எங்க ஓணுமோ அங்க நவுத்திக்கலாமாம்," என்றாள்.

செங்கல்வராயன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டான்.

"தேக்கா?" என்றான். "எத்தினி போர்டாம்?"